இலையில் விழும் தடங்கள்: இலைத்துளைப்பான் அந்துப்பூச்சிகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எலுமிச்சைத் தளிர்களில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து கோடுகள் விழுகின்றன. இலையும் சுருண்டுவிடுகிறது. இது ஈயின் வேலையா, அந்துப்பூச்சியின் வேலையா? பூச்சி கண்ணில் பட்டதே இல்லை.

பதில்: அந்துப்பூச்சிதான். அதன் புழு இலைத்தோலுக்கு அடியில் இருந்துகொண்டு இந்தத் தடத்தைப் போடுகிறது. இனத்தின் பெயர் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. கல்கத்தாவில் பிடித்த பூச்சிகளை வைத்து 1856-ல் ஆங்கிலப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் இதை முதலில் விவரித்தார். இறக்கையை முழுதாக விரித்தாலும் 5 மி.மீ. அளவுதான் இருக்கும். வெள்ளை உடம்பு, முன்னிறக்கையின் நுனியில் ஒரு கரும்புள்ளி. பகலில் அசையாமல் கிடப்பதால் கண்ணில் படாதது இயல்பே. ஆனால் இதை அடையாளம் காணப் பூச்சி தேவையில்லை, இலையே போதும்.

முதலில் தடத்தின் நிறத்தைக் கவனியுங்கள். புழு இலையின் உட்சதையைத் தின்பதில்லை. மேல்தோலின் செல்களைக் கிழித்துச் சாற்றை மட்டும் உறிஞ்சுகிறது. தோல் பிரிந்து அடியில் காற்று புகுவதால் அந்த இடம் வெள்ளியாக மின்னுகிறது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தடத்தின் வழியே ஒளி பளிச்சென்று வராது, பச்சைச் சதை அப்படியே இருப்பதுதான் காரணம். அடுத்து, தடத்தின் நடுவே கரும்பழுப்பு நிறத்தில் ஒற்றைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அது புழுவின் எச்சம். மூன்றாவது, தடம் எங்கே முடிகிறது? மூன்று பருவங்கள் சாறு குடித்து வளர்ந்த புழு, நான்காம் பருவத்தில் உணவை நிறுத்திவிட்டு இலை விளிம்புக்கு வந்து பட்டிழை நூற்கிறது. இழை இறுகும்போது விளிம்பு மடிந்துகொள்ளும். மடிப்பை ஊசியால் பிரித்தால் உள்ளே பழுப்பு நிறக் கூட்டுப்புழு இருக்கும். வெள்ளித் தடம், நடுவில் எச்சக்கோடு, விளிம்பில் மடிப்பு மூன்றும் எலுமிச்சைக் குடும்பச் செடியில் சேர்ந்து இருந்தால் வேறு சந்தேகம் வேண்டியதில்லை.

முட்டை விழுவது தளிரில் மட்டுமே. முற்றிய இலையில் தடம் கண்டால், அது தளிராக இருந்தபோது விழுந்த பழைய தடம். உள்ளே புழு இருக்காது. முட்டையிலிருந்து தாய்ப்பூச்சி வரை 13 முதல் 52 நாள் ஆகும். இவ்வளவு வித்தியாசம் வெப்பநிலையால் வருவது.

கேள்வி: அதே பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம்? தடம் விழுந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிடுகிறேன். சரிதானா?

பதில்: கிள்ள வேண்டாம். தடம் விழுந்த இலையின் மீதிப் பச்சை செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தடத்துக்குள்ளேயே புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இருக்கக்கூடும். தோலுக்கு அடியில் இருக்கும் புழுவை, மேலே பட்டுக் கொல்லும் மருந்து எட்டுவதில்லை. குளவிகளைத்தான் அது முதலில் கொல்லும். நான்கு வயதைத் தாண்டிய மரம் இந்தச் சேதத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். கன்றுகளிலும் நாற்றங்காலிலும்தான் கவலைப்பட வேண்டும். தளிர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் முற்றும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி மிகுந்த பருவத்தில் தழைச்சத்து உரத்தையும் கவாத்தையும் தவிர்த்து, கொழுத்து வரும் போத்துகளை மட்டும் நீக்குங்கள். சொறி நோய் உள்ள தோட்டத்தில் கணக்கு வேறு: தடத்தின் கிழிசல் வழியே அந்தப் பாக்டீரியா எளிதாக உள்ளே போகும். அங்கே தளிரைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: பொதுவாக, இலைக்குள் இருப்பது ஈயின் புழுவா, அந்துப்பூச்சியின் புழுவா, வண்டா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இலைக்குள் சுரங்கம் தோண்டும் பழக்கம் நான்கு பூச்சி வரிசைகளில் உண்டு: அந்துப்பூச்சிகள், ஈக்கள், வண்டுகள், குளவிகளின் வரிசையைச் சேர்ந்த ரம்பப்பூச்சிகள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் பெரும்பாலும் தீர்த்துவிடலாம்.

இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் புழுவைத் தேடுங்கள். தனியாகத் தெரியும் பழுப்புத் தலை இருக்கிறதா? இருந்தால் ஈ அல்ல. ஈயின் புழுவுக்குத் தலைக்கூடு கிடையாது. முன்முனையில் இரண்டு கறுத்த கொக்கிகள் மட்டும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். அது ஒருக்களித்துப் படுத்துத் தின்பதால் எச்சம் தடத்தின் இரு ஓரங்களிலும் மாறி மாறி விழும். அந்துப்பூச்சிப் புழுவின் எச்சம் பெரும்பாலும் நடுவிலேயே இருக்கும். கோடாகவோ, மணிகளாகவோ, தடத்தின் முழு அகலத்துக்கும் குறுக்கே வளைந்த வரிகளாகவோ அமையும். இந்த அமைப்பு இனத்துக்கு இனம் மாறுவதால் அதுவே ஓர் அடையாளம். தோலுரிக்கும்போது உதிர்த்த தலைக்கூடுகள் தடத்துக்குள்ளேயே கிடந்தால் ஈயின் பேச்சுக்கே இடமில்லை.

புழு ஏற்கெனவே போய்விட்டதா? வெளியேறிய இடத்தைப் பாருங்கள். பல ஈக்களின் புழுக்கள் அரைவட்டமாக ஒரு கீறல் போட்டு வெளியே வந்து, மண்ணிலோ இலைமேலோ பீப்பாய் வடிவக் கூடாகிவிடும். சில அந்துப்பூச்சிகளில் கூட்டுப்புழு பாதி உடம்பைத் தோல் வழியே வெளியே நீட்டி, அதிலிருந்து தாய்ப்பூச்சி பிரிந்து போகும். காலியான கூடு இலையில் துருத்திக்கொண்டு நிற்கும். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இலையில் ஒரு துண்டே வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் ஹீலியோசெலிடே என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தின் கைவரிசை: புழு அந்தத் துண்டையே உறையாக்கிக்கொண்டு தரைக்கு இறங்கிவிடும். கோலியோஃபோரிடே குடும்பத்துப் புழுவோ உறையோடுதான் வாழ்கிறது. இலையின் தோலில் ஒரு சிறு வட்டத் துளை போட்டு, தலையை மட்டும் உள்ளே நுழைத்துத் தின்னும். அதனால் தடத்தில் ஒரு துளை இருக்கும், எச்சம் சிறிதும் இருக்காது.

வண்டுப் புழுவுக்கும் ரம்பப்பூச்சிப் புழுவுக்கும் அந்துப்பூச்சியைப் போலவே தலைக்கூடு உண்டு. இவை செய்யும் தடங்கள் பெரும்பாலும் அகன்ற திட்டுகள். இங்கே மட்டும் லென்ஸோடு நிறுத்தாமல் புழுவை வளர்த்துப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: தக்காளி இலையில் இருப்பது ஊசிப்புழுவா, வழக்கமான பாம்புத்தட ஈயா?

பதில்: குறுகலாக, அகலம் மெல்லக் கூடிக்கொண்டே போகும் பாம்புத்தடம் என்றால் லிரியோமைசா ஈ. ஒழுங்கற்ற அகன்ற திட்டு, ஒரு பக்கத் தோலைத் தவிர உள்ளே எல்லாம் காலி, எச்சம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கிறது என்றால் ஊசிப்புழு, அதாவது டூட்டா அப்சலூட்டா என்ற அந்துப்பூச்சியின் புழு. ஈயின் புழு பிறந்த தடத்திலேயே வளர்ந்து முடியும். ஊசிப்புழு தடத்தைவிட்டு வெளியே வந்து வேறோர் இடத்தில் மறுபடி துளைத்து நுழையும். காயிலும் நுழைவதால் காம்புப் பக்கத்தின் புல்லி இதழ்களைத் தூக்கிப் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் ஊசித்துளை இருக்கும். புழுவை வெளியே எடுத்தால், தலைக்குப் பின்னே முதுகில் மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்று தெரியும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி. அதுவும் ஜெலிகிடே குடும்பம், அதுவும் இதே செடிக் குடும்பத்தின் இலைகளைத் துளைக்கும். பெண்பூச்சியின் வாசனையால் ஆண்பூச்சிகளை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்ததெல்லாம் ஊசிப்புழுவின் தாய்ப்பூச்சி என்று எண்ணிவிடக் கூடாது. அதே குடும்பத்துப் பிற இனங்களும் விழுவதுண்டு. புதிதாக ஓர் இடத்தில் ஊசிப்புழு வந்திருப்பதாக அறிவிக்கும் முன் ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்து உறுதி செய்வது அவசியம். 1917-ல் பெரு நாட்டுப் பூச்சிகளைக் கொண்டு ஆங்கிலப் பூச்சியியலாளர் மெய்ரிக் விவரித்த இனம் இது. நீண்ட காலம் தென் அமெரிக்காவிலேயே இருந்தது. 2006-ல் ஸ்பெயினிலும், 2014-ல் இந்தியாவிலும், 2017-ல் சீனாவிலும் கண்டறியப்பட்டது.

கேள்வி: தடம் உள்ள இலைகளை டப்பாவில் போட்டு வளர்க்கப் பார்க்கிறேன். ஒன்று பூஞ்சை பிடிக்கிறது, இல்லையென்றால் இலை காய்ந்து புழு சாகிறது. எங்கே தவறுகிறது?

பதில்: இலையைப் பறிக்கும் நேரத்தில்தான் தவறு தொடங்குகிறது. இலைத்துளைப்பான் புழு பிறந்த இலையிலேயே வளர்ந்தாக வேண்டும்; பெரும்பாலான இனங்களை வேறு இலைக்கு மாற்ற முடியாது. ஆகவே பறித்த இலை எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதே புழுவுக்கும் கெடு. தடம் அகன்று, புழு கிட்டத்தட்ட முழு வளர்ச்சி அடைந்த இலையை மட்டும் எடுங்கள். இளம் புழுவாக இருந்தால் இலையைச் செடியிலேயே விட்டு, மெல்லிய வலைப்பையைக் கட்டிக் காத்திருங்கள்.

பறிக்கும்போது காம்போடு, முடிந்தால் சிறு கிளையோடு எடுங்கள். காம்பின் அடியில் ஈரப்பஞ்சு சுற்றி அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். ஈரம் காம்புக்குத்தான் வேண்டும், டப்பாவுக்கு அல்ல. மூடி இறுக்கமான டப்பாவின் அடியில் டிஷ்யூ பேப்பர் இரண்டு மடிப்பு விரியுங்கள். சுவரில் நீர்த்துளி கோர்த்தால் ஈரம் அதிகம். பேப்பரை உடனே மாற்றி, மூடியைச் சற்று நேரம் திறந்து வையுங்கள். இலை விளிம்பு மொறுமொறுப்பானால் ஈரம் குறைவு. நாளுக்கு ஒரு தடவை பார்த்தே தீர வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் மூடிய டப்பா சில நிமிடங்களிலேயே புழுவை வேகவைத்துவிடும்.

ஒரு டப்பாவில் ஒரே செடியின் ஒரே வகைத் தடம் மட்டும் இருக்கட்டும். இதில்தான் ஆர்வலர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டு வகைத் தடங்களை ஒன்றாகப் போட்டால், வரும் பூச்சி எந்தத் தடத்துக்குரியது என்பது தெரியாமல் அத்தனை உழைப்பும் வீணாகும். டப்பாவின் மேல் செடியின் பெயர், பறித்த நாள், இடம் மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள்.

நெப்டிகுலிடே குடும்பத்துப் புழுக்கள் முழுதாக வளர்ந்ததும் பெரும்பாலும் இலையைவிட்டு இறங்கித் தரையில் கூடு கட்டுபவை. அவற்றுக்கு டிஷ்யூவின் மடிப்போ, சிறிது உலர்ந்த பாசியோ தேவை. இலை காலியாகிவிட்டதே என்று டப்பாவைக் கொட்டிவிடாதீர்கள், மடிப்புக்குள் பாருங்கள். குளிர்நாட்டு இனங்கள் கூட்டுப்புழுவாகவே குளிர்காலம் முழுதும் உறங்கும். அவற்றைச் சூடான அறையில் வைத்திருந்தால் காய்ந்து போகும். வெளியே நிழலில், மழை படாத இடத்தில் வையுங்கள்.

கடைசியில் அந்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவி வந்தால் வருந்த வேண்டாம். அது புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி. எந்தத் தடத்திலிருந்து எந்தக் குளவி வந்தது என்ற குறிப்பு பூச்சியியலில் மிகவும் மதிப்புள்ளது. அதையும் அதே இலையோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

கேள்வி: டப்பாவில் பூச்சி வந்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அது உட்கார்ந்திருக்கும் விதத்தை, தொந்தரவு செய்யாமல் முதலில் பாருங்கள். இறந்த பிறகு இந்த அடையாளம் கிடைக்காது. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பின் முன்பகுதியை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தால் கிராசிலாரிடே குடும்பத்தின் கலோப்டிலியாவும் அதன் உறவினங்களும் நினைவுக்கு வர வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,000 இனங்கள் உண்டு. இலைத்துளைப்பான்களில் மிகப் பெரிய குடும்பங்களுள் ஒன்று. ஃபில்லோநோரிக்டர் பேரினமும் இதே குடும்பம்தான். ஆனால் அது முன்பகுதியைத் தூக்காமல் உடம்பைக் கிடையாக வைத்திருக்கும். பழுப்பும் பொன்னுமான இறக்கையில் வெள்ளைக் கீற்றுகள் இருக்கும். அதன் தடத்தையும் எளிதில் அறியலாம்: புழு உள்ளே இழை பின்னித் தோலைச் சுருக்குவதால் இலையின் ஒரு பக்கம் கூடாரம் போல உப்பி நிற்கும்.

அடுத்து லென்ஸில் தலை. உணர்கொம்பின் அடிக்கணு அகன்று தட்டையாகிக் கண்ணை மூடுகிறதா? இந்தக் கண்மூடி நெப்டிகுலிடே, லியோனெட்டிடே, புக்குலாட்ரிசிடே, ஓபோஸ்டெகிடே குடும்பங்களில் இருக்கும். தலையில் செதில்கள் பரட்டையாக நின்று, இறக்கை விரிவு 3 முதல் 8 மி.மீ.க்குள் இருந்தால் நெப்டிகுலிடே. அந்துப்பூச்சிகளிலேயே மிகச் சிறியவை இதில்தான் இருக்கின்றன. தலை வழவழப்பாக, உடம்பு பளீர் வெள்ளையாக, இறக்கை நுனியில் மட்டும் பொன்னும் கறுப்புமாக இருந்தால் லியோனெட்டிடேயின் லியூகோப்டெரா. காப்பிச் செடியின் இலைத்துளைப்பான் இந்தப் பேரினம்தான். கண்மூடி இல்லை, வாயின் உணர்விகள் இரண்டும் தலைக்கு மேல் வளைந்து நிற்கின்றன, பின்னிறக்கையின் நுனி ஒரு விரல் போல நீண்டிருக்கிறது என்றால் ஜெலிகிடே.

படம் எடுக்க வேண்டுமானால் டப்பாவைச் சில நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். பூச்சி சற்று மந்தமாகும், செதில் உதிராது.

கேள்வி: படம் அனுப்பினால் இனத்தின் பெயர் சொல்லிவிட முடியுமா?

பதில்: பூச்சியின் படம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடும். செடியின் பெயரும் தடத்தின் படமும் சேர்ந்து வந்தால் பல நேரம் இனம் வரை போகலாம். ஏனென்றால் இந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை ஒரே செடி இனத்தையோ, நெருங்கிய உறவுள்ள சில செடிகளையோதான் உண்ணும். ஆகவே செடியைத் தவறாகச் சொன்னால் பூச்சியும் தவறாகிவிடும். கிளை, இலை அடுக்கு, பூ அல்லது காய் தெரியும் ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

தடத்தை மேற்புறம், அடிப்புறம், வெளிச்சத்துக்கு எதிரே என மூன்று விதமாக எடுங்கள். மூன்றாவது படத்தில்தான் புழுவும் எச்சமும் தெரியும். ஒரு படத்திலாவது மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். தடம் தொடங்கும் முனையைத் தனியாக நெருங்கி எடுங்கள். நெப்டிகுலிடேயில் முட்டையின் பளபளப்பான ஓடு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அது இலையின் எந்தப் பக்கத்தில், நரம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதே சில இனங்களைப் பிரிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராதவை உண்டு. அவற்றுக்கு அடிவயிற்றை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, சதையைக் கரைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டி.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியைப் படித்து இனம் காணும் டி.என்.ஏ. பார்கோடு முறை. அதற்கான பூச்சியை 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது, அது டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும்.

கேள்வி: இலைத்துளைப்பான் அந்துப்பூச்சிகள் எந்தெந்த இடங்களில் இருக்கும்? எங்கே தேடினால் கிடைக்கும்?

பதில்: அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கின்றன. அலாஸ்காவின் ஆஸ்பென் எனப்படும் நடுங்கிலை மரங்களில் ஃபில்லோக்னிஸ்டிஸ் பாப்புலியெல்லா பரந்த காடுகளையே வெள்ளியாக்குகிறது. வெப்பமண்டலத்தில் இனங்கள் இன்னும் அதிகம், பெயரிடப்படாதவையும் மிக அதிகம். புல்லின் இலையில் எலாகிஸ்டா, மரப்பட்டையிலும் பழத்தோலிலும்கூட மார்மரா என்று இவை நுழையாத இடம் குறைவு. பழமையும் கூடுதல்: ஏறத்தாழ 9.7 கோடி ஆண்டுக்கு முந்தைய வட அமெரிக்க இலைப் புதைபடிவங்களில் நெப்டிகுலிடே, கிராசிலாரிடே குடும்பங்களின் தடங்கள் பதிந்திருக்கின்றன.

தேடும்போது இடத்தை அல்ல, செடியை மனதில் வையுங்கள். செடி இல்லாத இடத்தில் பூச்சி இல்லை. ஆனால் செடி இருக்கும் எல்லா இடத்திலும் பூச்சி இருந்துவிடாது. காட்டின் உள்பகுதியைவிட ஓரம் நல்லது. ஓங்கிய மரத்தைவிட அதன் இளங்கன்றும் அடிமரத்துத் தளிரும் நல்லது. காற்று அடிக்காத, அரைநிழலான தாழ்ந்த கிளைகளில் தொடங்கி, இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் பாருங்கள். தளிர்ப் பருவம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் தடங்கள் நன்றாகத் தெரியும்.

காலியான தடமும் முழுமையான பதிவுதான். குதிரைக் கஷ்கொட்டை மரத்தின் இலைத்துளைப்பான் கேமரேரியா ஒரிடெல்லா இதற்குச் சான்று. 1984-ல் மாசிடோனியாவின் ஒஹ்ரிட் ஏரிப் பக்கத்தில் முதலில் கவனிக்கப்பட்டு, 1986-ல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. பிறகு ஐரோப்பா முழுதும் பரவி 2002-ல் பிரிட்டனை எட்டியது. இதன் பூர்வீகம் எது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. விடை தந்தது, உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் தாவரக் காப்பகங்கள்: 1879-ல் கிரீஸில் சேகரித்த இலைகளிலேயே இதன் தடமும் புழுவும் இருந்தன. பால்கன் பகுதியின் இயற்கையான மரங்களில் இது முன்பே வாழ்ந்திருக்கிறது. இதன் கூட்டுப்புழு உதிர்ந்த இலைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். ஆகவே சருகைக் கூட்டி அகற்றினாலே அடுத்த ஆண்டின் முதல் தலைமுறை வெகுவாகக் குறைகிறது.

கேள்வி: மரத்தின் இலைகள் எல்லாம் மஞ்சளாகிவிட்ட பிறகும், தடத்தைச் சுற்றி மட்டும் பச்சைத் திட்டு நிற்கிறது. அது எப்படி?

பதில்: புழு தன் உணவைத் தக்கவைத்துக்கொள்கிறது. ஆப்பிளில் வாழும் ஃபில்லோநோரிக்டர் பிளான்கார்டெல்லாவில் இது ஆராயப்பட்டிருக்கிறது. தடத்தின் பகுதியில் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் கூடுவதால் அங்கே இலை முதுமை அடைவதில்லை. இதற்குப் புழுவின் உடலில் வாழும் வொல்பாக்கியா முதலான பாக்டீரியாக்களின் துணை வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அவற்றை அழித்தபோது பச்சைத் திட்டு உருவாகவில்லை என்று 2010-ல் காட்டினார்கள். தேடுபவருக்கும் இது உதவி: உதிர்ந்த மஞ்சள் இலைகளில் பச்சைத் திட்டு உள்ளதைப் பொறுக்கினால் உயிருள்ள புழு கிடைக்க நல்ல வாய்ப்பு.

கேள்வி: தடம் உள்ள இலைகளை நெடுநாள் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் பூச்சி வெளியேறட்டும். பிறகு இலையைச் செய்தித்தாளின் இரு மடிப்புக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் வாரம் தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் இலை கறுத்து, தடம் தெரியாமல் போகும். இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவதும் வேண்டாம், பிரிந்திருக்கும் மேல்தோல் வெடித்துவிடும். உலர்ந்ததும் அமிலமில்லாத தாளில் செய்த உறையில் போட்டு, பூச்சிக்கும் இலைக்கும் ஒரே எண் கொடுங்கள். ஒரு தடத்தின் மேற்புறத்தைக் காட்டும் இலை ஒன்று, அடிப்புறத்தைக் காட்டும் இலை ஒன்று எனக் குறைந்தது இரண்டு இலைகள் இருக்கட்டும். அறையில் பிற பூச்சிகள் அரிக்காமலிருக்க, அலமாரியில் வைக்கும் முன் உறையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி ஒரு வாரம் உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இலைமேல் ஈரம் படிந்துவிடும்.